வெள்ளிப் பக்கம்

ஏகாம்பரம் வெள்ளிப் பக்கத்தைக் கீழே வைத்து விரிக்கிறான். பார்த்துவிட்டேன். அறையின் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி வைத்திருக்கிறான். அந்தச் சதுர ஓட்டை வழியாக அவனுடைய முழங்கால் தெரிகிறது, டார்ச் வெளிச்சம் தெரிகிறது, மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு தெரிகிறது. பஞ்சு மேலே, அதில் ஒட்டிய வெள்ளித்தாள் கீழே. தலைகீழ். மடையன். தொழிற்சாலையில் ஒருவன் வேலை மெனக்கெட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளித்தாள் ஒட்டி அனுப்புகிறானே, எதற்கு என்று அரை நிமிடம் யோசிக்க மாட்டானா? மேலே தகரக் கூரை வெயிலில் காய்கிறது. காய்ந்த தகரம் சூட்டைக் கீழே வீசுகிறது. அந்தச் சூட்டை வந்த வழியே திருப்பி அனுப்பத்தான் வெள்ளி. அது மேலே பார்த்து இருக்க வேண்டும், தகரத்துக்கும் அதற்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். இப்படிக் கவிழ்த்துப் போட்டு சீலிங் பலகையோடு ஒட்டவைத்தால் அது வெறும் மிட்டாய்க் காகிதம். சொல்லலாம். ஏகாம்பரம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், திருப்பிப் போட்டுவிடுவான், இப்போதுதானே முதல் சுருள். வாயைக்கூடத் திறந்தேன். பஞ்சுத் தூள் உள்ளே போனதில் தொண்டை கரகரத்தது. மூடிக்கொண்டேன். அடுத்த சுருளை விரிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். மணி பத்தேகால்தான் ஆகிறது.

காட்பாடியில் மே மாதத்துப் பத்தேகால் என்பது மற்ற ஊர்களின் உச்சிவேளை. சுற்றிலும் மலை, மலை முழுக்கப் பாறை, பகலெல்லாம் வாங்கியதை அது பொழுது விடியும்வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாடிக் குழாயைத் திறந்தால் காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கலாம். இந்த மாடி அறையைக் கட்டியவன் நானேதான். மொட்டைமாடியில் இரும்புக் கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டு, எட்டடி உயரத்தில் சீலிங் அடித்து, காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டினேன். ஒரு கோடைகூடத் தாங்காமல் ஓடினார்கள். "அங்கிள், சுவர்ல கை வைக்க முடியல" என்றான் ஒருவன். வைக்காதே என்றேன். முப்பத்து நாலு வருடம் பொதுப்பணித்துறையில் கட்டடம் கட்டியவனுக்கு, தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம் அடுப்பாகும் என்று தெரியாதா? தெரியும். வாடகைக்கு வருகிறவன் பாடு நமக்கு எதற்கு என்று விட்டேன். இப்போது அந்த அடுப்புக்குக் கீழே என் மகள் சங்கவி இருக்கிறாள், பத்து மாதக் குழந்தையோடு, இருபத்தெட்டு நாளாக. கீழே இடமில்லையா என்றால் இருக்கிறது. என்னுடைய ஆபீஸ் அறை இருக்கிறது. ரிட்டயர் ஆனவனுக்கு என்ன ஆபீஸ் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அதில் ஒரு மேஜையும், எப்போதோ கட்டி முடித்த கட்டடங்களின் வரைபடச் சுருள்களும் வைத்திருக்கிறேன். கீழே நாலு பேர் வந்துபோகிற இடம், பார்க்கிறவன் ஏதாவது கேட்பான், மேலே என்றால் தனியாக நிம்மதியாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற வேதவல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவியின் அந்தப் பார்வைக்கு நான் இத்தனை வருடத்தில் பதில் சொன்னதே இல்லை.

உண்மையை எனக்குள்ளாவது சொல்லிக்கொள்கிறேன், வெளியே யாரிடம் சொல்லப்போகிறேன். வெயிலே இவளைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நினைத்தேன். இராணிப்பேட்டையில் மாப்பிள்ளை முகுந்தன் வீட்டில் கூடத்துக்கு ஒரு ஏசி, படுக்கையறைக்கு ஒரு ஏசி. மூன்று வருடம் அந்தக் குளிரில் இருந்தவள் இந்தத் தகரத்தின் கீழ் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? நான் போ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் பொல்லாதவன் ஆகிவிடுவேன், எதற்கு வம்பு. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அவளே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து, என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்கப்பா என்பாள், நானும் பெரிய மனது பண்ணுகிற மாதிரி காருக்குச் சொல்லுவேன். சம்பந்திக்குப் போன் போட்டு வாக்குக்கூடக் கொடுத்துவிட்டேன். "அக்னி முடியறதுக்குள்ள வந்துடுவா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அந்த ஆள், "பொம்பளப் பிள்ளைங்க அப்படித்தான் சார், நாமதான் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கணும்" என்றார். பெரிய ஞானி. ரைஸ் மில்லில் தவிட்டைத் தவிர வேறு எதையும் பார்த்திராத மனுஷன் எனக்குப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லித் தருகிறார். நான் அதற்கும் ஆமாமா என்றேன். அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஒன்பது நாள். இவளானால் இறங்கிவருகிற வழியாகத் தெரியவில்லை. ஜன்னலில் ஈரப் புடவையைக் கட்டுகிறாள். தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, அது காய்வதற்குள் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. குழந்தைக்குத்தான் கழுத்தெல்லாம் வேர்க்குரு, முதுகில் இரண்டு சூட்டுக்கட்டி. போன வியாழக்கிழமை அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு வேதவல்லி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு உங்க ஆபீஸ் ரூமைக் காலி பண்ணுங்க. இல்லன்னா மேல சூடு எறங்காம இருக்க ஏதாவது பண்ணுங்க. ரெண்டும் முடியாதுன்னா நான் மேல போய் அவளோட படுத்துக்கறேன், நீங்க உங்க மேப்பைக் கட்டிக்கிட்டுக் கீழயே கெடங்க." தட்டு அதற்குப் பிறகுதான் கீழே வந்தது. அதனால்தான் ஏகாம்பரம். அதனால்தான் இந்தப் பஞ்சு.

இரண்டாவது சுருள் போய்விட்டது. அதுவும் கவிழ்த்துத்தான். நான் சொல்லவில்லை. மூன்றாவதை ஓட்டைக்குள் இழுக்கும்போது ஏகாம்பரமே தலையைத் தொங்கவிட்டு எட்டிப்பார்த்தான். முகம் முழுக்கத் துண்டு, கண் மட்டும் தெரிகிறது, புருவத்தில் மஞ்சள் தூள். "சார், வெள்ளிய கீழ வச்சிட்டேன் சார். மேல வச்சா தூசி பட்டு வீணாப்பூடும். நமுக்கு ஐட்டம் நீட்டா இருக்கணும்ல" என்றான். எப்படிப்பட்ட மூளை பாருங்கள். யாரும் பார்க்கப்போகாத இடத்தில் வெள்ளித்தாள் அழுக்காகக் கூடாதாம், அதற்காகக் கவிழ்த்து வைத்தானாம். புது சோபாவுக்கு மேல் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பத்து வருடம் உட்காருகிற ஜாதி. எதிர்வீட்டு தயாளன்தான் இவனை அனுப்பினான், போனில் வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவன் சார் என்று சான்றிதழ் வேறு. வீடியோவில் வெள்ளைக்காரன் அவனுடைய ஊர்க் குளிருக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே காட்பாடியில் போடுகிறான். இப்போது கேட்டே விட்டானே, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. என்ன சொன்னேன்? "உம்" என்றேன். உம். அவன் தலை மேலே போய்விட்டது. சொல்லாமல் இருந்தது ஒன்று, கேட்டதற்கு உம் என்றது வேறொன்று. இது இரண்டாவது கணக்கில்தான் சேரும். கழுத்தில் அரிக்கிறது. கண்ணாடிப் பஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் இறங்குகிறது, வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது, சொறிந்தால் இன்னும் உள்ளே போகும் என்று தெரிந்தும் சொறிகிறேன். எழுந்து கீழே போய்விடலாம். போனால் நான் பார்க்கவில்லை என்று ஆகும். ஆனால் வேலை நடக்கிற இடத்தில் மேற்பார்வை பார்க்காமல் என்னால் உட்கார முடியாது, அது என் பிறவிக் குணம், ஆகவே உட்கார்ந்திருக்கிறேன், மேற்பார்வை பார்க்கிறேன்.

என் கண்ணில் தப்பு நழுவியது கிடையாது. சர்வீஸில் எல்லாரும் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேல்தளம் போட்டபோது கான்ட்ராக்டர் கம்பியைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தான். நான் ஸ்கேல் எடுத்து அளக்கக்கூட இல்லை, ஏணியில் ஏறியதும் கண் சொல்லிவிட்டது. பிரி என்றேன். சார் சார் என்றான். எல்லாவற்றையும் பிரிக்கவைத்து மறுபடி கட்டவைத்தேன். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் குடைகூடப் பிடிக்காமல் நின்றேன். அன்று எனக்குப் பசிக்கவே இல்லை. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு எப்போதும் அப்படித்தான், வயிறு நிறைந்துவிடும். அந்தக் கண்ணைக் கொண்டுதான் முகுந்தன் வீட்டையும் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். சுவர் நல்ல சுவர். குளியலறையில் தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வைத்து, காற்றோட்டம் அருமை. கதவு... கதவு எல்லாம் தேக்கு. நல்ல தேக்கு. வேறென்ன பார்க்க வேண்டும் ஒரு வீட்டில்? பையன் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான், குடிக்க மாட்டான், குரலை உயர்த்திப் பேச மாட்டான். வேதவல்லிதான், "அந்தப் பையன் சிரிக்கும்போது நம்ம முகத்தையே பாத்துக்கிட்டுச் சிரிக்கறான்" என்று ஏதோ சொன்னாள். சிரிக்கிறவன் எங்கே பார்ப்பான், சுவரையா? இதெல்லாம் ஒரு குறையா என்று வாயை அடைத்தேன்.

ஐந்தாவது சுருள். பஞ்சை முழங்காலால் அமுக்கி அமுக்கி மூலையில் திணிக்கிறான், சத்தம் கேட்கிறது. பஞ்சுக்குள் இருக்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, அமுக்கினால் காற்று போய்விடும், மெத்தையை மிதித்துத் துவைத்துவிட்டு அதில் தூங்கு என்கிற கதை. அதையும் சொல்லவில்லை. கதவைப் பற்றி நினைக்கவேண்டாம் என்றால் கதவுதான் வருகிறது. சரி, வரட்டும், ஒரு தடவை முழுதாக நினைத்துவிட்டால் போய்விடும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் பதினோரு பேரும் கூடத்தில் உட்கார்ந்து கேசரி வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் நனைப்பதற்கு முன்னால் நான் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுந்தேன், முகுந்தனே கூட வந்து காட்டினான். படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பூட்டு மாட்டுகிற வளையத்தோடு பெரிய தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றுமே இல்லை. இல்லை என்று சொல்லக்கூடாது, இருந்திருக்கிறது, கழற்றியிருக்கிறார்கள். திருகு போன ஓட்டைகளில் மக்கு வைத்து அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருந்தது. வேறு எவன் கண்ணிலும் அது பட்டிருக்காது. என் கண்ணில் பட்டது. கட்டைவிரலால் தடவிக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? ஆசாரியைக் கேலி பண்ணினேன். "தம்பி, உங்க ஆசாரிக்கு உள்ள எது வெளிய எதுன்னு தெரியல போலிருக்கே" என்றேன். முகுந்தன் சிரித்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். கூடத்துக்கு வந்து மறுபடியும் அதைச் சொன்னேன், பதினோரு பேரும் சிரித்தார்கள். பிறகு கேசரி வந்தது. முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். கை நனைத்தேன்.

போகவில்லை. முழுதாக நினைத்தும் போகவில்லை. இருபத்தெட்டு நாளுக்கு முன்னால் கையில் குழந்தையும் ஒரு பையுமாக வந்து நின்றவள், "வெளிய பூட்டிட்டு ஆபீஸ் போறார்ப்பா. சாயந்திரம் வந்துதான் தெறக்கறார்" என்றாள். அன்றைக்குப் பூட்ட மறந்து போய்விட்டானாம், உடனே கிளம்பி வந்துவிட்டாள். நான் கேட்ட முதல் கேள்வி: "அடிச்சானா?" இல்லை என்றாள். "அப்புறம் என்ன? காலம் கெட்டுக் கெடக்கு, திருட்டு பயத்துக்குப் பூட்டியிருப்பான்" என்றேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று நான் பயப்படுகிறேனாம், வேதவல்லி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊராவது மண்ணாவது. இந்தத் தெருவில் இருக்கிற ஒருவனுக்காவது என்னைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டா? தயாளன் தன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க மறந்தவன். அவன் என்ன நினைத்தால் எனக்கென்ன. எனக்குப் பயம் வேறு. இவள் திரும்பிப் போய்விட்டால், நான் பார்த்துக் கொடுத்த வீடு நல்ல வீடுதான் என்று ஆகும். போகாவிட்டால், கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேசரி தின்றவன் நான் என்று ஆகும். அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் பத்து மாதக் குழந்தையின் முதுகில் கட்டி வந்திருக்கிறது, இதற்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு சொறிந்துகொண்டிருக்கிறேன். ஏகாம்பரம் முட்டாள், தெரியாமல் செய்கிறான். சம்பந்தி முட்டாள். முகுந்தன் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இவர்கள் எல்லாரையும்விடக் கீழே ஒருவன் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறான். நினைக்கும்போதே அருவருப்பாக இருக்கிறது. அருவருப்பாக இருக்கிறது என்பதால் எழுந்துவிட்டேனா என்றால் அதுவும் இல்லை.

வெளியே ஏணியில் நிற்கிற ஏகாம்பரத்தின் மச்சான் சம்பத் குரல் கொடுக்கிறான். "மாமா, ரெண்டு பக்கமும் ஓட்ட கீது. இத்த இன்னா பண்றது?" கூரையின் இரண்டு முனையிலும் முக்கோணச் சுவரில் நான் வைத்த காற்றுத் துவாரங்கள். உள்ளே சேருகிற அனல் அது வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த இரண்டு ஓட்டைதான் இந்த அறையில் மனிதர் உயிரோடு இருப்பதற்குக் காரணம். ஏகாம்பரம் உள்ளேயிருந்து, "மிச்சப் பஞ்சு கீதுல்ல, வச்சு அடைச்சிடு. அணில் பூந்துச்சுன்னா எல்லாத்தையும் கிழிச்சிப் போட்டுடும்" என்கிறான். பிறகு ஓட்டை வழியாக என்னைப் பார்க்கிறான். "அடைச்சிடலாமா சார்?" வெள்ளி கவிழ்ந்தாலாவது பஞ்சு கொஞ்சம் வேலை செய்யும். துவாரத்தை அடைத்தால் உள்ளே சேர்ந்த அனலுக்குப் போக்கிடம் இருக்காது, வேலை முடிந்து நாளை மறுநாள் பார்த்தால் அறை முன்பைவிட மோசமாக இருக்கும், வேதவல்லியிடம் நான் கையை விரித்து, சொன்னதைச் செய்தாச்சு, இதற்கு மேல் என்ன செய்ய என்று கேட்கலாம். சங்கவி பையை எடுக்கலாம். ஒன்பது நாள் இருக்கிறது. "உன் இஷ்டம்" என்றேன். இஷ்டமாம். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு மேஸ்திரியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனான். கிழக்குப் பக்கத் துவாரம் அடைபட்டதும் அறையில் வெளிச்சம் குறையவில்லை, சத்தம் மாறவில்லை, ஆனால் நெற்றியில் ஒரு கனம் இறங்கியது. கற்பனையாக இருக்கலாம். நான் கற்பனை பண்ணுகிற ஆள் இல்லை.

படியில் கால் சத்தம். சங்கவி ஒரு சொம்பில் மோரும் மூன்று டம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை எங்கே என்றேன். "கீழ தூங்கறா. அம்மா உங்க ஆபீஸ் ரூம்ல மேப்பையெல்லாம் ஒதுக்கிட்டுப் பாய் போட்டுட்டாங்க, இந்தத் தூசி அடங்கற வரைக்கும்" என்றாள். சொல்லும்போது நான் கோபப்படுவேனோ என்று பார்த்தாள். மோரை ஊற்றி ஏகாம்பரத்துக்கு ஓட்டை வழியாக நீட்டினாள், "அண்ணே, பாத்து, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்றாள். சுவர் சுடுகிறது, அவளுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. "அப்பா" என்றாள். "நீங்க இதைப் போடறேன்னு சொன்னதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. எங்க அனுப்பிடுவீங்களோன்னு தெனமும் பயந்துக்கிட்டே இருந்தேன். உங்களைப் போய் அப்படி நெனச்சிட்டேனே." நான் பார்வையை டம்ளருக்குள் வைத்துக்கொண்டு, "இந்த வெயில்ல நீ எப்படித்தான் இருக்கியோ" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே. "வெயில் ஒண்ணும் இல்லப்பா. இங்க நான் தூங்கறேன். அங்க ஏசியில போத்திக்கிட்டுப் படுத்திருப்பேன், கண்ணு மட்டும் தெறந்தே இருக்கும். பூட்டு தெறக்கற சத்தம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே கெடப்பேன். வந்துட்டா அதுவும் பயம்." இதைத் தன் பாட்டுக்கு, மோரில் உப்பு ஜாஸ்தி என்று சொன்ன அதே குரலில் சொன்னாள். இத்தனை நாளும் நான் வெயிலை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இவளை இந்தத் தகரம் மட்டுமல்ல, எந்த அடுப்பும் அங்கே திருப்பி அனுப்பாது. டம்ளரைத் தரையில் வைத்தேன். "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டேன். காலையில் கொடுக்க வேண்டிய சத்தம், பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது.

"இன்னா சார்" என்று அவன் தலையை நீட்டினான். "எல்லாத்தையும் எடு. வெள்ளி மேல பாத்து இருக்கணும். பஞ்சை அமுக்கக் கூடாது. அந்த ரெண்டு துவாரத்தையும் தெறந்து விடு, வேணும்னா கம்பிவலை அடி." ஏகாம்பரம் முகத்திலிருந்த துண்டை இறக்கினான். மூக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. "எல்லாத்தயுமா? ஏழு சுருளு போட்டாச்சே சார். காலைலருந்து எனக்கு நேரா கீழதான உக்காந்துகினு கீறீங்க. வெள்ளிய கீழ வச்சிட்டேன்னு நானே சொன்னேனே, உம்முன்னீங்களே. ஓட்டய அடைக்கட்டுமான்னு கேட்டுட்டுதான அடைச்சேன்." அவன் கோபமாகச் சொல்லவில்லை, புரியாமல் சொன்னான். அது இன்னும் மோசம். நான் சங்கவி பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலேயே அவள் சுவரிலிருந்து விலகி நின்றது தெரிந்தது. "அப்பவே உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். இப்போதுதான் கவனித்தேன் என்று சொல்லலாம். வேறு யார் சொன்னாலும் நம்புவாள், நான் சொன்னால் நம்பமாட்டாள். என் கண்ணில் தப்பு நழுவாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். "தெரியும்" என்றேன். "அப்புறம் ஏன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அண்ணாந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள், அடைத்த துவாரம் இருக்கிற பக்கம் பார்த்தாள், பிறகு ஜன்னலில் காய்ந்து விறைத்துப்போன புடவையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்று எதிர்பார்த்தேன், இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். ஏகாம்பரத்தை, தயாளனை, சம்பந்தியை நான் பார்க்கிற விதம்.

"அண்ணே" என்றாள், என்னிடம் இல்லை, மேலே பார்த்து. "மோரைக் குடிச்சிட்டு ஆரம்பிங்க. வெள்ளி மேல, பஞ்சை அமுக்கக் கூடாது, ஓட்டை ரெண்டும் தெறந்திருக்கணும், அவ்வளவுதானே? நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன். அப்பா கீழ போகட்டும்." ஏகாம்பரம் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "சரிம்மா" என்றான். நான் எழுந்தேன். நாற்காலியை அவள் இழுத்து ஓட்டைக்கு நேராகப் போட்டுத் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மூலையில் சுருளை வெட்டாமல் மடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். "சங்கவி, அந்த மூலையில..." என்றேன். அவள் கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை. "போகும்போது கதவைச் சாத்தாம போங்க" என்றாள்.